ஹோபர்ட் கௌடிலின் பச்சைக் கோடு

ரெட்டா ஸ்லோனின் திரையில் எண்பத்து மூன்று பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் நெஞ்சு நோயாளிகள். பெரும்பாலோர் கிழக்கு கென்டக்கிச் சுரங்கங்களில் இருபது முப்பது வருடம் கரி வெட்டி, அந்தக் கரியில் கொஞ்சத்தை நுரையீரலில் சுமந்துகொண்டு வீடு திரும்பியவர்கள். தினமும் இழுக்க வேண்டிய இன்ஹேலரின் தலையில் கிளினிக் ஒரு சென்சார் தொப்பியை மாட்டிக் கொடுத்திருந்தது. அழுத்தினால் தொப்பி நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஜன்னலோரம் செருகிவைத்த ஒரு சின்னப் பெட்டி அதைக் கம்பியில்லாமல் வாங்கி, இணையம் கிடைக்கும்போது கிளினிக்குக்கு அனுப்பும். அந்த மலையிடுக்குகளில் இணையம் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். செவ்வாய்க்கிழமை அழுத்தியது வெள்ளிக்கிழமை வந்து சேருவதும் உண்டு.

அப்படித் தாமதமாக வருவதை உரிய நாளில் பொருத்துவது, பேட்டரி செத்த தொப்பிகளை மாற்றுவது, மருந்தை விட்டவர்களுக்கு ஃபோன் போட்டு அதட்டுவது, இவைதான் ரெட்டாவின் வேலை. நாலு வருடப் பழக்கத்தில், கோடுகளைப் பார்த்தே ஆட்களைச் சொல்லிவிடுவாள். நவம்பரில் ஒரு வாரம் காலை மருந்து விட்டுப்போனால் ஆள் மான் வேட்டைக்குக் காட்டில் இருக்கிறார். ஒரே நிமிடத்தில் முப்பது அழுத்தல் என்றால் வீட்டில் பேரப்பிள்ளை வந்திருக்கிறது.

ஹோபர்ட் கௌடிலின் கோட்டில் மட்டும் படிக்க எதுவும் இருக்காது. காலை ஏழு, மாலை ஏழு, தலா இரண்டு அழுத்தல். ஓணான் முதுகுபோல ஏறி இறங்கும் மற்றவர்களின் கோடுகளுக்கு நடுவே அவருடையது மட்டும் இரண்டு வருடமாக நேராக, பச்சையாக ஓடியது. மருந்தை விடுகிறவர்களிடம் ரெட்டா சொல்வாள்: "கௌடிலைப் பாருங்க. அறுபத்தி நாலு வயசு. ஒரு வேளை விடுறதில்ல."

ஆனால் ஹோபர்ட் தேறவில்லை. முதல் வருடம் ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார், அடுத்த வருடம் மூன்று தடவை. டாக்டர் ப்ரூவிட் திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொள்வார். மருந்து ஒழுங்காகப் போகிறது, ஆள் இறங்கிக்கொண்டே போகிறார். அப்படியானால் மருந்துதான் போதவில்லை என்று அளவைக் கூட்டினார். பிறகு ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார். பிறகு அதையும் கூட்டினார். பிப்ரவரியில் இருமிய இருமலிலேயே ஹோபர்ட்டுக்கு ஒரு விலா எலும்பு விண்டது. மாத்திரை எலும்பை அரித்துவிட்டது என்று டாக்டருக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

மார்ச்சில் புதுத் தொப்பிகள் வந்தன. பழையவை அழுத்தலை மட்டும் எண்ணும். புதியவை, அழுத்தும்போது எவ்வளவு காற்று உள்ளே இழுக்கப்படுகிறது என்பதையும் அளக்கும். பத்தே பத்துதான் வந்திருந்தன. இவ்வளவு ஒழுங்கான ஆளுக்கு ஏன் இப்படி என்று கண்டுபிடிக்கலாம் என நினைத்து, முதல் தொப்பியை ரெட்டா ஹோபர்ட்டுக்கு அனுப்பினாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அழுத்தல் வந்தது. காற்று பூஜ்யம். மாலையும் அப்படியே. நாலு நாளும் அப்படியே. தொப்பி பழுது என்று வேறு அனுப்பினாள். அதிலும் பூஜ்யம். திங்கட்கிழமை ஃபோன் போட்டாள். எடுத்தது மனைவி டெல்ஃபா.

"அவரு தூங்குறாரு, ரெட்டா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லக்கா. புதுத் தொப்பி அவரு மூச்சக் காட்ட மாட்டேங்குது. வாயில நல்லா வச்சு, பலமா இழுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

டெல்ஃபா, "பலமாவா? சரி, சொல்றேன்" என்றாள்.

அன்று மாலை ஏழு மணிக்கு வந்த அளவைப் பார்த்து ரெட்டா முதலில் சிரித்துவிட்டாள். தங்குதடையில்லாமல் ஏறி நின்று இறங்கிய, முழுசான மூச்சு. மறுநாள் காலையும் அதே. சிரிப்பு அடங்கிய பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை பார்த்தாள். நுரையீரலில் மூன்றில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, கட்டிலிலிருந்து கதவுவரை நடக்க இரண்டு தடவை நிற்கிற மனிதர் இழுக்கிற மூச்சா இது?

வியாழக்கிழமை மதியம் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாள்.

ஓடையை ஒட்டி ஏறும் பாதையின் கடைசி வீடு கௌடில் வீடு. கதவைத் திறந்த டெல்ஃபாவின் முகம் ஒரு கணம் வெளுத்தது. அறுபது வயதிலும் திடகாத்திரமான பெண். கோழிப்பண்ணையில் வேலை பார்த்த கைகள்.

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமே. வீடு கெடக்குற கெடையில..."

"யாரு அது?" உள்ளேயிருந்து ஹோபர்ட்டின் குரல்.

அவர் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், மடியில் பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும். ரொட்டியைக் குழம்பில் ஊறவைத்து, அதையும் மென்று விழுங்க மூச்சு போதாமல் நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஸ்லோன் மகளா? வாம்மா வா. உங்கப்பன் சுரங்கத்துல எனக்கு மேஸ்திரியா இருந்தப்ப இப்படித்தான், சொல்லாம வந்து பின்னாடி நிப்பான். என்னப் பிடிக்க வந்தியா?"

"உங்க மூச்சப் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். திங்கக்கிழமையிலேருந்து உங்களுக்கு இருபது வயசு ஆயிருச்சு. என்ன சாப்புடுறீங்கன்னு கேட்டா மத்தவங்களுக்கும் சொல்லலாம்ல."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சமையல்மேடையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. டெல்ஃபா திரும்பாமல் நின்றாள்.

"எந்த மூச்சு?" என்றார் ஹோபர்ட்.

"தினசரி மருந்துல. காலையில ஏழு, சாயங்காலம் ஏழு."

"அந்த மருந்தா? அத நான் எப்பவோ விட்டுட்டேனே. ரெண்டு வருஷமாச்சு. நீல இன்ஹேலர் மட்டுந்தான், மூச்சு முட்டுறப்ப இழுப்பேன்." மனைவியின் முதுகைப் பார்த்தார். "கிளினிக்குல சொல்லிடுன்னு சொன்னேன்ல, டெல்ஃபா?"

டெல்ஃபா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேசும்போது ரெட்டாவைப் பார்க்கவில்லை, தன் கைகளையே பார்த்தாள்.

"நான்தான் அழுத்துனேன்" என்றாள். "மொதல்ல சும்மா காத்துல அழுத்துனேன். அப்புறம் நீ பலமா இழுக்கணும்னியே, அதனால திங்கக்கிழமையிலேருந்து நானே இழுத்தேன்."

"ரெண்டு வருஷமாவா?" என்றார் ஹோபர்ட்.

"அழுத்துற அளவு கொறஞ்சா கிளினிக்குத் திட்டத்துலேருந்து பேரை எடுத்துருவாங்கன்னு சொன்னாங்க. பேரை எடுத்தா நீல மருந்தும் போச்சு, ஆக்ஸிஜனும் போச்சு. நீ புடிவாதமா மாட்டேங்குற. நான் என்னதான் பண்றது?" கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னாள்: "அழுத்துறப்ப, எப்படியும் வீட்டுக்குள்ளதானே மருந்து போகுது, கொஞ்சமாவது உன்கிட்ட வராதான்னு நெனச்சுப்பேன். கிறுக்குத்தனந்தான்."

ஹோபர்ட் சிரிக்கப் பார்த்தார். அது இருமலாக மாறி, விண்ட விலாவைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. டெல்ஃபா எழுந்து முதுகைத் தடவினாள். இருமல் அடங்கியதும் சொன்னார்: "ஒவ்வொரு தடவையும் டாக்டரு, 'ஒழுங்கா எடுக்குறீங்க'ன்னு முதுகுல தட்டுவாரு. நீல மருந்தச் சொல்றாருன்னு நெனச்சேன். இவ என்னைய கிளினிக்குல நல்ல பிள்ளையாக்கி வச்சிருக்கா."

"எதுக்கு விட்டீங்க?" என்றாள் ரெட்டா.

ஹோபர்ட் கிண்ணத்தை ஓரமாக வைத்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு கூடும், கௌடில் போகும் தேவாலயச் சபையில் வாத்தியம் கிடையாது, பாட்டுப் புத்தகத்தில் சுரக்குறிப்பும் கிடையாது. ஒருவர் எழுந்து நின்று ஒரு வரியை வேகமாக ஓதி அடியெடுத்துக் கொடுப்பார். கூட்டம் முழுக்க அந்த வரியை வாங்கி, மலைச்சரிவில் மூடுபனி இறங்குகிற மாதிரி மெதுவாக இழுத்துப் பாடும். இருபத்தாறு வருடம் அங்கே அடியெடுத்துக் கொடுத்தவர் ஹோபர்ட்.

"அந்த மருந்து எடுக்க ஆரம்பிச்ச மூணாம் மாசம்" என்றார், "ஒரு மொத ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னேன். குரல் வரல. உடைஞ்ச ஓட்டுல காத்து போற மாதிரி வந்துச்சு. எழுபது பேர் என் வாயப் பார்த்துக்கிட்டு நிக்குறாங்க. மூச்சு போனாப் போகட்டும், அது கரிக்காரன் தலையெழுத்து. குரல் என்னோடது, கண்ணு. நிறுத்தின ஆறு வாரத்துல திரும்பி வந்துச்சு."

"அந்த மருந்து சில பேருக்குத் தொண்டையக் கட்டும்" என்றாள் ரெட்டா. "அதுக்கு வழி இருக்கு. இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு குழாய வச்சு இழுக்கணும். இழுத்ததும் வாயக் கொப்புளிச்சுத் துப்பணும். அப்பவும் சரியாகலன்னா தொண்டையில தங்காத வேற மருந்து இருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா..."

"சொன்னேனே" என்றார் ஹோபர்ட். கோபமில்லை, குற்றம் சாட்டும் தொனியும் இல்லை. "உன்கிட்டதான் சொன்னேன். நீ ஃபோன்ல கூப்பிட்டு அதட்டுன பாரு, அன்னிக்கு. தொண்டை போச்சு கண்ணுன்னேன். தண்ணி நெறையக் குடிங்கன்னு சொன்ன."

ரெட்டாவுக்கு நினைவில்லை. ஒரு நாளைக்கு இருபது ஃபோன் போடுகிறவளுக்கு எந்த ஒன்று நினைவிருக்கும்?

கிளினிக்குக்குத் திரும்பியதும் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பழைய பதிவைத் திறந்தாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஏப்ரல். அதுவரை ஹோபர்ட்டின் கோடு உண்மையாகத்தான் இருந்தது: எண்பது சதவீதம், அறுபது, நாற்பது, பதினைந்து என்று இறங்கியிருந்தது. குரல் போன மனிதர் மருந்தைக் கைவிட்டதை அது அப்படியே காட்டியிருந்தது. அதன் அடியில் ரெட்டாவே தட்டச்சு செய்த குறிப்பு: "பேசியாயிற்று. தொடர்ந்து அறுபதுக்குக் கீழே போனால் திட்டத்திலிருந்து பெயர் எடுக்கப்படும் என்று விளக்கினேன். புரிந்துகொண்டார்." மறுவாரத்திலிருந்து பச்சை. அந்தப் பச்சையைப் பார்த்து அன்று அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு, புதுத் தொப்பி வரும்வரை, ஒரு தடவையும் அவரை அழைத்ததில்லை. பச்சைக் கோடுகளுக்கு ஃபோன் போகாது.

ரெட்டா சொன்னதையெல்லாம் டாக்டர் ப்ரூவிட் கேட்டுக்கொண்டார்.

"எலும்பெல்லாம் போயிருச்சே அந்த மனுஷனுக்கு" என்றார் கடைசியில். "அவரு எடுக்காத மருந்து பத்தலைன்னு நெனச்சு, அவ்வளவு மாத்திரையக் கொடுத்தேன்."

"தப்பு என்னோடது, டாக்டர். அந்த ஃபோன்..."

"ரெட்டா, நான் அவரு வாயத் தொறந்து தொண்டைய ஒரு தடவகூடப் பார்க்கல. நானும் திரையத்தான் பார்த்தேன்."

மறுவாரம் மருந்து மாறியது. ரெட்டாவே குழாயை எடுத்துப் போய், எப்படி இழுப்பது, எப்படிக் கொப்புளிப்பது என்று காட்டிக்கொடுத்தாள். நீல இன்ஹேலருக்கும் புதுத் தொப்பி போட்டாள். "இந்தத் தடவ பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது" என்று ஹோபர்ட் மனைவியைச் சீண்டினார். டெல்ஃபா சிரிக்கவில்லை. அவர்களுக்குள் அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு என்ன பேச்சு நடந்ததென்று ரெட்டாவுக்குத் தெரியாது. ஆனால் டெல்ஃபா அவர் போர்வையைச் சரிசெய்தபோது, அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திவைத்துக்கொண்டதைப் பார்த்தாள்.

மூச்சுச் சோதனை எடுத்தார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு இருந்ததில் பாதிதான் மிச்சம். போன பாதி திரும்பாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்.

அதன் பிறகு வந்தவை ஹோபர்ட்டின் சொந்த மூச்சுகள். சின்னச் சின்ன மேடுகள். காலையில் கொஞ்சம் உயரம், மாலையில் தணிவு. ஒரு நாள் எட்டரைக்கு வரும், ஒரு நாள் விட்டேபோகும். திரை மஞ்சள் காட்டியது. ரெட்டா தினமும் காலை முதல் வேலையாக அதைத் திறந்து பார்த்தாள்.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை டெல்ஃபா அழைத்ததால் ரெட்டா சபைக்குப் போனாள். ஆக்ஸிஜன் உருளையோடு ஹோபர்ட்டை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே அடியெடுத்துக் கொடுத்தார். ஒரு வரிக்கு மூன்று இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆனால் குரல் குரலாக இருந்தது. கரகரப்பில்லாமல், மேல் ஸ்தாயியில் லேசாக நடுங்கி, கூரையைத் தொட்டது. கூட்டம் ஒவ்வொரு தடவையும் அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்து வாங்கிப் பாடியது. நாலு அடிகள் உள்ள அந்தப் பாட்டில் இரண்டுக்குமேல் அவரால் முடியவில்லை. மூன்றாவதை இன்னொருவர் எடுத்தார். ரெட்டா பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடம், மாதத்துக்கு ஒரு ஞாயிறு, இந்தக் குரலும் மூச்சும் சேர்ந்தே இருந்திருக்கலாம்.

ஜூன் இரண்டாம் வாரம் பெருமழை பெய்தது. ஓடை ஏறிப் பாதையைத் தின்றது. கம்பங்கள் சாய்ந்து மின்சாரமும் இணையமும் போயின. ரெட்டாவின் திரையில் இருபத்திரண்டு பேர் சாம்பல் நிறமானார்கள், தொடர்பில்லை என்று அர்த்தம். ஹோபர்ட்டும் அவர்களில் ஒருவர். அவள் தீயணைப்பு நிலையத்துக்குப் பட்டியல் கொடுத்தாள், யார் வீட்டில் ஆக்ஸிஜன், எத்தனை உருளை என்று. ஹோபர்ட்டின் பெயரை முதலில் எழுதினாள். படகும் ஆளும் போய்ச் சேர்ந்தது புதன்கிழமை மதியம். அவர் அன்று காலையிலேயே, சாய்வு நாற்காலியில், டெல்ஃபா கையால் ஒரு வாய் காபி குடித்துவிட்டுப் போய்விட்டிருந்தார். உருளை தீரவில்லை. நெஞ்சுதான் தீர்ந்துவிட்டது.

அடக்கம் முடிந்த நாலாம் நாள் மின்சாரம் வந்தது. பெட்டி உயிர்பெற்று, தொப்பிகள் சேர்த்துவைத்திருந்ததையெல்லாம் வாங்கி ஒரே மூச்சில் அனுப்பியது. ரெட்டா மேசையில் இருந்தபோது ஹோபர்ட்டின் சாம்பல் நிறம் சிவப்பாக மாறியது. உடனே அழைக்கவும் என்று திரை சொன்னது. திங்கட்கிழமை நீல இன்ஹேலர் ஆறு தடவை. செவ்வாய்க்கிழமை பதினான்கு. புதன் காலை ஐந்து. ஒவ்வொன்றின் பக்கத்திலும் மூச்சின் உயரம். அவள் அவற்றை உரிய நாட்களில் பொருத்தினாள், அது அவள் வேலை. கடைசி அழுத்தலில் கோடு தரையை விட்டு எழும்பவே இல்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை. இழுத்திருக்கிறார்.

பிறகு, முந்தைய இரண்டு வருடப் பச்சையின் மேல் ஒரு குறிப்பு எழுதினாள்: "இந்த மருந்தை நோயாளி எடுக்கவில்லை. மனைவி அழுத்தினார். என் ஃபோனுக்குப் பயந்து அழுத்தினார். குரல் போனதை நோயாளி என்னிடம் சொன்னார், நான் பதியவில்லை." திட்டத்தின் மேலாளர் அதைப் படித்துவிட்டு, கடைசி இரண்டு வரி தேவையா என்று கேட்டார். தேவை என்றாள்.

டெல்ஃபா தொப்பிகளையும் பெட்டியையும் ஒரு துணிப்பையில் போட்டுத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். ஒளிக்காமச் சொல்லு. நான் அழுத்தாம இருந்திருந்தா?"

ரெட்டா இந்தக் கேள்விக்குப் பல நாட்களாகப் பதில் தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ ஃபோன் பண்ணியிருப்பேன்" என்றாள்.

"அப்பக் கேட்டிருப்பியா? தொண்டைக்கு என்னன்னு?"

"தெரியலக்கா. நெசமாத் தெரியல. மறுபடி அதட்டத்தான் செஞ்சிருப்பேனோ என்னவோ."

டெல்ஃபா தலையை ஆட்டினாள். ஆறுதல் சொல்லியிருந்தால் அவள் போய்விட்டிருப்பாள் என்று ரெட்டாவுக்குத் தோன்றியது. போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரெட்டா எழுந்துபோய் இரண்டு காகிதக் கோப்பைகளில் காபி கொண்டுவந்தாள். டெல்ஃபா தன்னுடையதை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஆறும்வரை வைத்திருந்து, ஒரே தடவையில் குடித்துவிட்டுப் புறப்பட்டாள்.

மிச்சம் எண்பத்திரண்டு பேர். ரெட்டா அன்று மாலை, சிவப்பையும் மஞ்சளையும் விட்டுவிட்டு, எப்போதும் பச்சையாக இருப்பவர்களைப் பிரித்தெடுத்தாள். பத்தொன்பது பேர் தேறினார்கள். முதல் பெயர் ஆல்டா ஃபீல்ட்ஸ், எழுபத்தொரு வயது. எண்ணைப் போட்டாள்.

"கிளினிக்குலேருந்து ரெட்டா பேசுறேன்மா. எப்படி இருக்கீங்க?"

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் சட்டென்று அணைந்தது.

"நல்லாத்தான் இருக்கேன். ஏன், எனக்கு அளவு கொறஞ்சிருச்சா? நேத்து சாயங்காலம் கொஞ்சம் லேட்டாயிருச்சு, அவ்வளவுதான். இனிமே ஆகாது. பேரை எடுத்துராத, கண்ணு."

ரெட்டா கண்களை மூடிக்கொண்டாள்.

"அளவுக்காகக் கூப்பிடலம்மா" என்றாள். "பேரையெல்லாம் யாரும் எடுக்கல. மருந்து உங்களுக்கு ஒத்துக்குதான்னு கேக்கத்தான்."

அந்தப் பக்கம் நம்பாமல் மௌனமாக இருந்தது. ரெட்டா அவசரப்படுத்தவில்லை. ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.